"இன்னைக்கு என்ன படிச்சே?" "விளையாடினோம்!"

சென்னையில் மகளை எல்.கே.ஜி.யில் சேர்த்து இரண்டு மாதம் ஆன ஒரு அம்மாவின் கேள்வி இது. வேனிலிருந்து இறங்கியதும் தினமும் "இன்னைக்கு என்ன படிச்சே?" என்று கேட்கிறார். "விளையாடினோம்" என்கிறாள் குழந்தை. நோட்டில் ஒரு வரி எழுத்து இல்லை, வீட்டுப்பாடமும் இல்லை. போன வாரம் பையிலிருந்து வந்தது பச்சைக் கறை படிந்த ஒரே ஒரு தாள். எதிர் ஃபிளாட்டில் அதே வயதுப் பையன், வேறு பள்ளியில் படிப்பவன், 1 முதல் 100 வரை எழுதுகிறானாம். காலை 9 மணியிலிருந்து 12.30 வரை அந்த வகுப்பில் என்னதான் நடக்கிறது, பள்ளியை மாற்றிவிடலாமா என்று எனக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். அவருக்கு என் பதில் இது.

நான் சென்னையில் 16 வருடமாக எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு மிஸ்ஸாக இருக்கிறேன். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால் பள்ளியை மாற்றக் காரணம் எதுவும் தெரியவில்லை. ஆனால் "கவலைப்படாதீர்கள்" என்று ஒரு வரியில் சொன்னால் உங்களுக்கு நிம்மதி வராது. அதனால் என் வகுப்பின் ஒரு நாளை அப்படியே சொல்கிறேன். இந்த மாதம் எங்கள் தலைப்பு காய்கறி. 24 பிள்ளைகள், நான், ஒரு உதவி மிஸ், ஒரு ஆயாம்மா.

காலை 8.45-க்கு வேன்கள் வரத் தொடங்கும். பிள்ளை உள்ளே வந்ததும் செய்ய வேண்டிய வேலைகள் வரிசையாக இருக்கின்றன. ஷூவைக் கழற்றி அலமாரியில் வைக்க வேண்டும். பையைத் தன் கொக்கியில் மாட்ட வேண்டும். தண்ணீர் பாட்டிலைத் தட்டில் நிறுத்த வேண்டும். அப்புறம் மேசையில் பரப்பி வைத்திருக்கும் பெயர் அட்டைகளில் தன்னுடையதைத் தேடி எடுத்துச் சுவரில் இருக்கும் பையில் செருக வேண்டும். அதுதான் எங்கள் வருகைப்பதிவு. ஜூன் மாதம் அட்டையில் பெயருடன் ஒரு படமும் இருக்கும்: ஒருத்திக்கு மீன், ஒருவனுக்குக் குடை. ஆகஸ்டில் படத்தை எடுத்துவிடுவோம். யாரும் எழுத்து சொல்லிக் கொடுக்காமலே பிள்ளை தன் பெயரின் உருவத்தை அடையாளம் கண்டுகொள்ளும். என் வகுப்பில் 'க'வில் தொடங்கும் பெயர் மூன்று பேருக்கு. அந்த மூவருக்கும் தினமும் காலையில் ஒரு சின்னக் குழப்பம். இரண்டாவது எழுத்தைப் பார்த்தால்தான் தன் அட்டை எது என்று தெரியும். அந்தக் குழப்பத்தை நான் வேண்டுமென்றே தீர்த்து வைப்பதில்லை. இன்னொருத்தி அட்டையைக் கையில் எடுத்து, உற்றுப் பார்த்து, "இது நான் இல்ல" என்று திருப்பி வைக்கும் அந்த நொடியில் நடப்பது வாசிப்பு.

ஒன்பது மணிக்கு எல்லாரும் பாயில் வட்டமாக உட்காருவோம். வணக்கம் சொல்லி முடித்ததும் ஒரு பிள்ளை எழுந்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்து வெயிலா, மேகமா, மழையா என்று சொல்ல வேண்டும். இன்னொரு பிள்ளை பெயர் அட்டைகளைப் பார்த்து யார் வரவில்லை என்று சொல்ல வேண்டும். "மூணு பேர் வரல" என்றால் மூன்று விரலை நீட்டிக் காட்டும். அன்றைய நாளின் முதல் கணக்கு அது.

பிறகு கைதட்டல். கூடையிலிருந்து ஒரு காயை எடுத்துக் காட்டுவேன். அதன் பெயரை உடைத்து உடைத்துச் சொல்லித் தட்ட வேண்டும். தக்-கா-ளி, மூன்று தட்டு. பூண்-டு, இரண்டு. மு-ருங்-கைக்-காய், நான்கு. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே செய்வார்கள். கதவுக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கு வெறும் ஆட்டம்தான் தெரியும். ஆனால் ஒரு சொல்லைத் துண்டு துண்டாகக் காதால் பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான், பின்னால் எழுத்து என்ற ஒன்று எதற்காக இருக்கிறது என்று புரியும். தமிழ் எழுத்து இதற்கு மிகவும் தோதானது. 'கா' என்ற ஒலித்துண்டுக்கு 'கா' என்றே ஓர் எழுத்து இருக்கிறது. காதில் ஒலி பிரியாத பிள்ளையிடம் 247 எழுத்தையும் எழுதச் சொன்னால் 247 படங்களை மனப்பாடம் செய்யும், அவ்வளவுதான். கூட்டி வாசிக்கத் தடுமாறும். இரண்டாம் வகுப்பில் "எழுத்தெல்லாம் தெரியுது, ஆனா வாசிக்க மாட்டேங்கிறான்" என்று வருந்தும் பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில் மொழி பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லா அம்மாக்களும் அடுத்து கேட்பது அதுதான். என் வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை உண்டு, உருது பேசும் பிள்ளை உண்டு, இந்தி பேசும் பிள்ளை உண்டு. பள்ளியில் ஆங்கிலமும் தமிழும் கேட்கிறார்கள். யாரும் குழம்பிப்போகவில்லை. தயவுசெய்து வீட்டில் உங்களுக்கு இயல்பாக வரும் மொழியிலேயே பேசுங்கள். பள்ளிக்காக என்று நீங்கள் "கம், சிட், ஈட்" என்று மூன்று சொல்லில் சுருங்கிப்போனால் குழந்தை இழப்பது அதிகம். "கேரட்டைத் துருவினா பொடிப்பொடியா வருது, வெட்டினா வட்டவட்டமா வருது பாரு" என்று தமிழில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஆங்கிலச் சொல் பின்னால் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

9.30 முதல் 10.30 வரையிலான ஒரு மணி நேரம்தான் எங்கள் நாளின் உயிர். உங்கள் மகள் "விளையாடினோம்" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அறையில் ஐந்து மூலைகள். பிள்ளை தனக்குப் பிடித்த இடத்துக்குப் போகலாம். எடுத்ததை முடித்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டுத்தான் அடுத்ததுக்கு நகர வேண்டும். விதி அது ஒன்றுதான்.

முதல் மூலையில் சமையலறை வேலை. ஒரு தட்டில் அவரைக்காய், நார் உரிக்க வேண்டும். ஒரு தட்டில் பச்சைப்பட்டாணி. ஒரு தட்டில் முருங்கைக்கீரை, உருவ வேண்டும். பட்டாணித் தோலைப் பிளக்கக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதிரெதிரே நின்று அழுத்த வேண்டும். பென்சில் பிடிக்கத் தேவையான பிடி அதுவேதான். வளர்ந்தவரின் மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் உண்டு. பிறந்த குழந்தைக்கு அவை குருத்தெலும்பாகத்தான் இருக்கும். ஒன்றன்பின் ஒன்றாக வருடக்கணக்கில் இறுகும். நான்கு வயதில் அவற்றில் பாதி போலத்தான் எலும்பாக மாறத் தொடங்கியிருக்கும். கடைசி எலும்புக்கு 8 வயதுக்கு மேல் ஆகிவிடும். அப்படிப்பட்ட கையில் பென்சிலைக் கொடுத்து ஒரு பக்கம் முழுக்க எழுது என்றால் அது என்ன செய்யும்?

என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நான் முதலில் வேலை பார்த்த பள்ளியில் மூன்றரை வயதுப் பிள்ளைகளுக்கு நான்கு கோடு நோட்டு. தினம் ஒரு பக்கம், ஒரே எழுத்து. ஒரு பையன் பென்சிலை முஷ்டியில் பிடித்து அழுத்துவான், தாள் மறுபக்கம் கிழியும். நோட்டை எடுக்கச் சொன்னாலே "வயிறு வலிக்குது மிஸ்" என்பான். கை வலிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை அவனுக்கு. பக்கத்தில் உட்கார்ந்து அவனை எழுத வைத்தவள் நான்தான். அவன் வயிற்றுவலி என்னவென்று எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது. அதற்குள் அவன் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டான்.

எழுத்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டாவது மூலை எழுத்துக்குத்தான். ஒரு தட்டில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு ரவை பரப்பி வைத்திருப்போம். (எறும்பு வரும். வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். சலித்த ஆற்று மணலும் சரிதான்.) பிள்ளை விரலால் அதில் கோடு இழுக்கும். படுக்கைக் கோடு, நிற்கும் கோடு, பிறகு இரண்டும் சேர்ந்த 'ட'. அதிலிருந்து 'ப', கொஞ்ச நாளில் 'ம'. சுழி நிறைந்த 'அ'வும் 'இ'யும் ரொம்பப் பின்னால் வரும். அகரவரிசையில் முதலில் நிற்கிறது என்பதற்காக 'அ'வைக் கைக்கும் முதலில் கொடுக்கத் தேவையில்லை. வாயால் அகரவரிசை சொல்லட்டும், விரல் 'ட'விலிருந்து தொடங்கட்டும். தப்பாக வந்தால் தட்டை ஒரு ஆட்டு ஆட்டினால் போதும், அழிந்துவிடும். ரப்பர் தேய்த்துக் கறுத்துப்போன தாளைப் பார்த்துக் கூனிக் குறுக வேண்டியதில்லை.

இது வெளிநாட்டுப் புதுமை என்று நினைக்க வேண்டாம். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில்தான் விரலால் எழுதினார்கள். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1789-ல் இங்கே மெட்ராஸில் ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான பள்ளியின் பொறுப்புக்கு வந்தார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துவிட்டுத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் சேர்த்து, 1797-ல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். அங்கே அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். விஜயதசமியன்று தாம்பாளத்து அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைக்கிறோமே, அந்த ஒரு நாள் காரியத்தை நாங்கள் வருடம் முழுக்கச் செய்கிறோம்.

மூன்றாவது மூலையில் எண்கள். இங்கேதான் எதிர் ஃபிளாட் பையனின் 1 முதல் 100 பற்றிப் பேச வேண்டும். அவனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், அவன் உழைப்பு உழைப்புதான். ஆனால் எண்களை வரிசையாக எழுதுவது ஒன்று, எண் என்றால் என்ன என்று தெரிவது வேறு. உங்கள் மகளிடம் "சமையலறையிலிருந்து 4 ஸ்பூன் எடுத்துட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். சரியாக நான்கோடு வந்தால் அவளுக்கு நான்கு தெரியும். அள்ளிக்கொண்டு வந்தால், வாயில் நூறு வரை வந்தாலும், நான்கு இன்னும் பிடிபடவில்லை.

எங்கள் வகுப்பில் பட்டாணித் தோலைப் பிரித்ததும் உள்ளே எத்தனை மணி என்று எண்ணி, அந்த எண் எழுதிய கிண்ணத்தில் போட வேண்டும். 5 மணி இருந்தால் 5-ஆம் கிண்ணம். தோலைப் பிரிக்கும்வரை யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த ஆவல் எந்த ஒர்க்‌ஷீட்டிலும் கிடைக்காது. ஒரு நாள் ஒன்பது மணி இருந்த தோல் ஒன்று கிடைத்து, வகுப்பே எழுந்து வந்து பார்த்தது.

இந்த வயதில் இன்னொரு விஷயம் உண்டு. 6 பட்டாணியை நெருக்கி ஒரு வரிசையாக வைக்கிறேன். அதன் கீழே இன்னொரு 6 பட்டாணியை இடைவெளி விட்டு நீளமாக வைக்கிறேன். "எதுல அதிகம்?" என்றால் எல்.கே.ஜி. பிள்ளைகளில் பெரும்பாலோர் நீளமான வரிசையைக் காட்டுவார்கள். எண்ணிப் பார்த்துவிட்டு, இரண்டிலும் ஆறு என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு, மறுபடியும் நீளமானதையே காட்டுவார்கள். ஜீன் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியலாளர் இதைப் பல விதமாகச் செய்து பார்த்து எழுதியிருக்கிறார். திருத்தித் திருத்திச் சொன்னாலும் இந்த வயதில் அவ்வளவாக ஏறாது. ஒன்றிரண்டு வருடம் கையால் எடுத்து வைத்து விளையாடியபின், ஒரு நாள் நம்மை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதானே மிஸ்!" என்று சொல்வார்கள். அந்த நாளுக்காகத்தான் பட்டாணி, புளியங்கொட்டை, சோழி, பல்லாங்குழி எல்லாம். பல்லாங்குழியை முறைப்படி ஆட இந்தப் பிள்ளைகளுக்கு வராது. குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவார்கள். ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கின் அடிப்படையே அதுதான்.

கொட்டைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை, இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று வயதுக்குக் கீழ் இருக்கும் தம்பி தங்கை வீட்டில் இருந்தால் புளியங்கொட்டை, பட்டாணி எதையும் தரையில் விட்டு வைக்காதீர்கள். தொண்டையில் அடைக்கும். நான்கு வயதுப் பிள்ளைகளும் மூக்கில் போட்டுக்கொள்வார்கள். என் கண்ணெதிரே ஒருத்தி புளியங்கொட்டையை மூக்கில் ஏற்றிக்கொண்டு, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். அன்றிலிருந்து கொட்டைத் தட்டு இருக்கும் மேசையில் பெரியவர் ஒருவர் உட்காராமல் தட்டு திறக்காது. அதைவிட முக்கியம், குன்றிமணியைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்தது போல அழகாக இருக்கும். ஆனால் அதன் உள்ளே இருப்பது கொடிய நஞ்சு. மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. முழுக்கச் சிவப்பாக, பளபளப்பாக, சற்றுப் பெரிதாக இருக்கும் மஞ்சாடி வேறு. இரண்டும் கலந்து கடையில் கிடைப்பதுண்டு, பார்த்து வாங்குங்கள். சந்தேகமாக இருந்தால் இரண்டுமே வேண்டாம், சோழி போதும்.

நான்காவது மூலை கடை. இந்த மாதம் காய்கறிக் கடை. பழைய தராசு, காகிதப் பணம், இரண்டு கூடை. போன செவ்வாயன்று நடந்தது இது.

"தக்காளி எவ்ளோ?"

"நூறு ரூபா."

"ஐயோ, எங்கம்மா திட்டுவாங்க. குறைச்சுக்கோங்க."

"சரி, அஞ்சு ரூபா."

"கொசுறு கொத்தமல்லி?"

"அதெல்லாம் இல்லம்மா, போங்க, அடுத்தவங்க வரணும்."

கடைக்காரர் வேறு யாருமில்லை, வட்டத்தில் உட்காரும்போது வாயே திறக்காத பையன். ஜூனிலிருந்து அவன் என்னிடம் பேசியது பத்து வார்த்தை இருக்காது. கடைக்குள் நின்றதும் அவனுக்குள் தெருமுனைக் காய்கறிக்காரர் வந்துவிட்டார். இதில் பேரம் இருக்கிறது, முறை இருக்கிறது, நூறைவிட ஐந்து சின்னது என்ற அறிவு இருக்கிறது. எல்லாவற்றையும்விட, தான் இல்லாத இன்னொருவராக நின்று யோசிப்பது இருக்கிறது. அன்று தராசுக்காக இரண்டு பேருக்குச் சண்டையும் வந்தது. நான் உடனே எழுந்து போகவில்லை. அடிதடி ஆகாதவரை ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்ப்பேன். "நீ நிறு, நான் காசு வாங்கறேன், அப்புறம் மாத்திக்கலாம்" என்று அவர்களே பேசி முடித்தார்கள். நான் போய்த் தீர்த்து வைத்திருந்தால் அந்த வாக்கியம் பிறந்திருக்காது.

ஐந்தாவது, மரக்கட்டைகள் அடுக்கும் மூலை. இதைத்தான் பெற்றோர் சுலபமாகக் கடந்துபோகிறார்கள். 1837-ல் ஜெர்மனியில் பிரெட்ரிக் ஃபிரோபெல் சின்னப் பிள்ளைகளுக்கென்று ஓர் இடம் தொடங்கி, மூன்று வருடம் கழித்து அதற்குக் 'கிண்டர்கார்டன்' என்று பெயர் வைத்தார். குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். அவர் பிள்ளைகள் கையில் கொடுத்தவை நூல் பந்துகளும் மரக்கட்டைகளும். கே.ஜி. என்ற இரண்டு எழுத்துக்குள் இருப்பது அந்தத் தோட்டம்தான். மரியா மாண்டிசோரி 1907-ல் ரோமில் தன் முதல் பள்ளியைத் திறந்தார். அவர் 1939-ல் நம் அடையாறுக்கே வந்து, பிரம்மஞான சபை வளாகத்தில் சுமார் 300 ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலம் அவரை 1946 வரை இந்தியாவில் நிறுத்தி வைத்தது. அந்த வழியில் வந்த பயிற்சிகள் சென்னையில் இன்றும் நடக்கின்றன. நான் கற்ற மூத்த மிஸ் ஒருவர் அந்த மரபில் வந்தவர். தண்ணீரை ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்குச் சிந்தாமல் ஊற்றும் பயிற்சியை அவர் செய்து காட்டும்போது வகுப்பு மூச்சுவிடாமல் பார்க்கும்.

10.30-க்கு ஸ்நாக்ஸ். கை கழுவி, தானே டப்பாவைத் திறந்து, தானே சாப்பிட்டு, சிந்தியதைத் தானே துடைக்க வேண்டும். இதற்கு அரை மணி நேரம் கொடுக்கிறோம். ஊட்டிவிட்டால் எட்டு நிமிஷத்தில் முடியும், தெரியும். திறக்கச் சுலபமான டப்பாவாக வாங்கிக் கொடுங்கள், அது ஒன்றுதான் வேண்டுகோள்.

11 மணிக்கு வெளியே. வேப்பமர நிழலில் பாண்டிக் கட்டம் போட்டிருக்கிறோம். தரையில் பெரிதாகச் சிக்குக்கோலம் ஒன்று பெயின்டால் வரைந்திருக்கிறது. பிள்ளைகள் அந்தக் கோட்டின் மேலேயே அடிமேல் அடி வைத்து நடக்க வேண்டும். வளைவு எங்கே திரும்புகிறது என்று உடம்பே கற்றுக்கொள்ளும். சுழியுள்ள எழுத்து வரும்போது அது உதவும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 180 நிமிடம் உடல் அசைவு வேண்டும், அதில் 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. அரை மணி நேரம் நாங்கள் தருகிறோம். மீதி வீட்டில்தான், அதனால் மாலையில் மொட்டை மாடிக்கோ பூங்காவுக்கோ கூட்டிப்போங்கள். நவம்பர் மழையில் எல்லாம் உள்ளேதான். அப்போது பாய்களைச் சுருட்டி ஓரம் வைத்துவிட்டு அறைக்குள்ளேயே தவளையாகவும் நண்டாகவும் நடப்போம்.

11.30-க்குக் கதை. ஒரே கதையை வாரம் முழுக்கச் சொல்வேன். பெரியவர்களுக்கு அலுக்கும், பிள்ளைகளுக்கு அலுக்காது. திங்களன்று கேட்பார்கள். புதனன்று எனக்கு முன்னால் அடுத்த வரியைச் சொல்வார்கள். வெள்ளியன்று நான் ஏதாவது மாற்றிச் சொன்னால் கோபம் வரும். கதை முடிந்ததும் ஒரு தாளும் கிரையானும் கொடுத்து வரையச் சொல்வோம். வரைந்ததைக் காட்டிப் பிள்ளை என்ன சொல்கிறதோ அதை ஒரு சொல் மாற்றாமல் அடியில் எழுதி, விரல் வைத்து வாசித்துக் காட்டுவேன். "பூசணிக்கா உருண்டு போயி பாட்டிகிட்ட சொல்லுச்சு" என்று ஒருத்தி சொன்னாள், எழுதினேன். தான் வாயால் சொன்னது தாளில் உட்கார்ந்திருக்கிறது, மறுநாள் மிஸ் அதையே அப்படியே திருப்பிச் சொல்கிறார் என்பது அவளுக்கு மந்திரம் போல இருந்தது. எழுத்தின் மேல் ஆசை வருவது அங்கேதான். "எம்பேர நானே எழுதறேன்" என்று சில வாரத்தில் அவர்களே கேட்பார்கள். அப்போது குட்டையான, தடித்த பென்சிலைக் கொடுப்போம். இடது கையால் வாங்கினால் இடது கையிலேயே இருக்கட்டும். மாற்றாதீர்கள், பாட்டி சொன்னாலும் மாற்றாதீர்கள்.

12.15-க்கு மறுபடி வட்டம், இன்று எது பிடித்தது, எது கஷ்டமாக இருந்தது என்று நான்கைந்து பேர் சொல்வார்கள். பிறகு பை, ஷூ, வேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இத்தனையும் செய்த பிள்ளை "விளையாடினோம்" என்று சொன்னால் அது உண்மையான பதில். நாலு வயதுப் பிள்ளைக்குப் "படிப்பு" என்று தனியாக ஒரு பெட்டி இல்லை. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள். "இன்னைக்கு யார் பக்கத்துல உக்காந்தே?", "கையில என்ன ஒட்டிச்சு?", "எதைத் திறக்க முடியல?" என்று கேட்டால் கொட்டும். வந்தவுடன் கேட்காதீர்கள். சாப்பிட்டு, தூங்கி எழுந்தபின் கேளுங்கள்.

தேசியக் கல்விக் கொள்கை 2020-ம் 3 வயதிலிருந்து 8 வயது வரை ஒரே கட்டமாகத்தான் வைத்திருக்கிறது. மழலையர் வகுப்புகள் மூன்று வருடம், ஒன்றாம் இரண்டாம் வகுப்பு இரண்டு வருடம், ஆக ஐந்து வருடம். உங்கள் மகள் அதில் இரண்டு மாதம்தான் கடந்திருக்கிறாள். இதெல்லாம் பெரிய ஃபீஸ் கட்டும் பள்ளிகளுக்கு மட்டும் உரியது என்றும் நினைக்க வேண்டாம். ரவை, பட்டாணி, சோழி, பழைய தராசு இவற்றுக்கு என்ன செலவு? தமிழ்நாடு அரசும் 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. வீட்டில் வேலை செய்யும் அக்காவின் பிள்ளைக்கு இடம் தேடினால் இதைச் சொல்லுங்கள்.

நான் எப்போது பள்ளியை மாற்றச் சொல்வேன் என்றால், காரணம் வேறு மாதிரி இருக்கும். பிள்ளைகளை அடித்தால், கழிவறை போகக் கேட்டு அவமானப்படுத்தினால், உங்களை ஒரு நாளும் வகுப்பைப் பார்க்க விடாவிட்டால். "விளையாட்டு வழி" என்று போர்டு மாட்டிவிட்டுக் காலை முழுக்க டி.வி.யில் ரைம்ஸ் ஓட விட்டாலும் மாற்றுங்கள், அது விளையாட்டு இல்லை. ஒரு நாள் அனுமதி கேட்டு 9.30-க்குப் போய் ஓரமாக நில்லுங்கள். மிஸ் தரையில் பிள்ளைகளின் உயரத்துக்கு உட்கார்ந்திருக்கிறாரா, பிள்ளைகளின் குரல் மிஸ்ஸின் குரலைவிட அதிகம் கேட்கிறதா, பொருள்கள் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். அதேபோல, நான்கு வயதாகியும் நாலு சொல் சேர்த்துப் பேசாமல் இருந்தால், கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தால், மற்ற பிள்ளைகளைக் கண்டுகொள்ளாமலே இருந்தால் "போகப் போகச் சரியாகும்" என்று பொறுக்காதீர்கள். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதியுங்கள். செலவு பிரச்சினை என்றால் எழும்பூர் அரசுக் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை.

அந்தப் பச்சைக் கறைத் தாளை நீங்கள் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் சொன்ன அடையாளத்தைப் பார்த்தால், அது வெண்டைக்காய் அச்சாகத்தான் இருக்க வேண்டும். காயைக் குறுக்கே வெட்டிச் சாயத்தில் தொட்டுத் தாளில் ஒற்றுவோம். ஒவ்வொரு அச்சும் ஒரு சின்ன நட்சத்திரம் போல விழும். வெண்டைக்காய்க்குப் பெரும்பாலும் 5 மூலை, சிலதற்கு 6 அல்லது 7 கூட இருக்கும். இன்று சாயங்காலம் அந்தத் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எந்த நட்சத்திரத்துக்கு எத்தனை மூலை என்று அவளையே விரல் வைத்து எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். நாளை குழம்புக்கு வெட்டும்போது அடிக்காம்பை அவள் கையில் கொடுங்கள்.